வாடை மாதங்களில் திருமலைக் கடற்கரை

ஐப்பசியில் காற்று வடகிழக்குக்குத் திரும்பியதும், சீசன் முடிந்துவிட்டது என்று திருகோணமலையில் எல்லோரும் சொல்லத் தொடங்குவார்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் பாதி விளக்குகளை அணைத்துவிடும்; புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற படகுகள் கரையேற்றப்படும்; வெளிநாட்டு உல்லாசப் பயணிகள், அந்த மாதங்களில்தான் கடல் அடங்கிக் கிடக்கும் தென்கரைக்கு, ஹிக்கடுவைக்கும் உனவட்டுனவுக்கும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இந்தத் தீவின் இரண்டு பக்கங்களும் ஆண்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்கிலும் மலைநாட்டிலும் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் வற்றிய கச்சான் காற்றாக எங்கள் பக்கம் இறங்குகிறது. தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் அந்தக் காற்றில் எங்கள் கடல் குளத்து நீர்போலக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வீசும் வாடை அப்படிப்பட்டதன்று. அது வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்து நேரே எங்கள் கரையில் மோதுகிறது. ஆண்டு மழையில் பெரும்பங்கையும் இந்தச் சில மாதங்களிலேயே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது.

ஆகவே, இந்தக் காலத்தில் கடற்கரை அமைதியாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவர் ஆட்களைப் பற்றிப் பேசுகிறார் என்றே கொள்ளவேண்டும். கடல் அப்போதுதான் வேலை செய்கிறது. அதன் இரைச்சல் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளியுள்ள வீடுகளில் இரவு முழுவதும் கேட்கும். இருந்தும், இந்த ஊரில் நிம்மதியாக நடப்பதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை என்பதே என் எண்ணம். அதற்கும் நிலாவெளியைவிட நகரத்துக் கரையே ஏற்றது. நிலாவெளியின் மணல் வெண்மையானது, நீளமானது, ஐயமில்லை. ஆனால் சீசன் முடிந்தபின் அங்கே பூட்டிய வாயில்களும் கவிழ்த்துவைத்த சாய்மனைக் கதிரைகளுமே மிஞ்சும். நகரத்துக் கரை யாருக்காகவும் திறக்கப்பட்டதில்லை; அதனால் மூடப்படுவதுமில்லை.

நகரத்துக் கரை என்று நான் குறிப்பிடுவது பிரெட்ரிக் கோட்டைக்குத் தெற்கே வளைந்து செல்லும் டச்சுக் குடாவை. கோட்டைக்கு வடக்கே, டைக் வீதியை ஒட்டிப் பின்குடா இருக்கிறது, அங்கும் நடக்கலாம். ஆனால் அது திருக்கடலூரை நோக்கிப் போகப்போகப் படகுகளும் வலைகளும் நிறைந்த தொழிற்கரையாக மாறிவிடுவதால், வேலை செய்பவர்களுக்கு இடைஞ்சலாக அங்கே உலாவுவது எனக்கு உவப்பானதல்ல. டச்சுக் குடா கிழக்கு நோக்கியது. இடப்புறத்தில் கோணேசர் கோயிலைத் தாங்கும் சுவாமி மலை கடலுக்குள் நீண்டிருக்கும். வலப்புறத்தில் குடா வளைந்து கடற்படைத் தளப் பக்கத்துக் குன்றுகளில் போய் முடியும். முதுகுப்புறத்தில் மைதானமும் வீதியும் காந்தி சிலையும். நீளமான கரையன்று. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்புவதற்கு அவசரமில்லாதவருக்கு முக்கால் மணி நேரம் போதும்.

மார்கழியில் சூரியன் ஆறேகால் மணியளவில்தான் கடலுக்கு மேலே வரும். அதற்கு முன்பே ஊர் விழித்துவிடும். திருவெம்பாவைக் காலத்தில் சங்கும் சேமக்கலமும் இருட்டோடு தெருவுக்கு வந்துவிடுவதால், கடற்கரைக்கு வருபவர்களில் பாதிப்பேர் குளித்து, திருநீறு பூசி, கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு நிமிடம் கடலைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டே வேகநடை போடும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர், நீரிழிவுக்கு வைத்தியர் நடக்கச் சொன்னதால் முகத்தைச் சுளித்துக்கொண்டு நடக்கும் இன்னும் சிலர், அவர்களைவிட அதிகமாக நாய்கள். யாரும் யாருடனும் நின்று நீளமாகப் பேசுவதில்லை. காற்று எதிரே வீசும்போது பேச்சு முழுதாகப் போய்ச் சேராது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

மான்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரின் விடியலைச் சொல்லமுடியாது. பிரெட்ரிக் கோட்டைக்குள் வாழும் புள்ளிமான்கள் கூட்டமாக வெளியே வந்து நகரத் தெருக்களிலும் மைதானத்திலும் மேய்வது திருமலைக்காரருக்குப் பழகிப்போன காட்சி. வெளியூரார் மட்டும் ஓட்டோவை நிறுத்திப் படம் எடுப்பார்கள். மழைக்குப் பின் மைதானத்தில் புல் தழைப்பதால் இந்த மாதங்களில் அவற்றுக்கு உணவு குறைவில்லை. அப்படியிருந்தும் குப்பைத்தொட்டிப் பக்கம் போகும் பழக்கம் விடவில்லை. அண்மையில் ஒரு காலையில், கரையேற்றிய படகின் விளிம்பில் காய்ந்திருந்த உப்பை ஓர் ஆண்மான் நக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். கைநீட்டினால் எட்டும் தூரம். அதன் வலது கொம்பின் கிளையில் நீல நைலோன் கயிற்றுத் துண்டொன்று சுற்றியிருந்தது. நக்கும்போதெல்லாம் அந்தக் கயிற்று நுனி படகில் எழுதியிருந்த பெயரின் மேல் உரசிக்கொண்டிருந்தது. அருகில் நின்ற குட்டி, யாரோ சோறு தின்றுவிட்டு எறிந்த லஞ்ச் சீற்றை மென்றுகொண்டிருந்தது. அந்தச் சீற்றை எறிந்த கையின் சொந்தக்காரரும் மான்களை நேசிப்பவராகவே இருக்கக்கூடும். இந்த ஊரில் மானை வெறுப்பவர் எவரையும் நான் கண்டதில்லை. பொலித்தீனைத் தொட்டியில் போடுபவர்கள்தாம் குறைவு.

கரையில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது மணல் இழந்த கரை. சித்திரையில் அகலமாக, தட்டையாக, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடக்கூடியதாக இருந்த மணற்பரப்பு, கார்த்திகைக்குள் பாதியாகச் சுருங்கி, ஓரிடத்தில் முழங்கால் உயரத்துக்குச் செங்குத்தாக அறுந்து நிற்கும். வற்றுப்பெருக்கு இதைச் செய்வதில்லை. இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டாது. செய்வது அலை. வாடைக்கால அலைகள் குட்டையான இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. முன்னைய அலையின் நீர் மணலுக்குள் இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால், நனைந்து கனத்த கரையின் மேலாகத் திரும்பி ஓடும் நீர் தன்னோடு மணலையும் இழுத்துச் செல்கிறது. இழுத்துச் சென்றதைக் கரைக்குச் சற்று அப்பால், நீருக்கடியில் ஒரு திட்டாகக் குவிக்கிறது. பின்னர் வரும் பெரிய அலைகள் அந்தத் திட்டிலேயே தட்டி உடைந்து பாதி வலுவை இழந்து வருகின்றன. கரை தன் மணலை முன்னே அனுப்பித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்றுதான் இதைச் சொல்லவேண்டும். காற்று மாறியபின், நீண்ட இடைவெளியில் சோம்பலாக வரும் சிற்றலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பித் தள்ளும்.

அறுந்து நிற்கும் அந்த மணற்சுவரின் முன்னே குந்தியிருந்து பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்தமானது. வெளிர்மணல் நாலு விரல் அகலம், அதற்குக் கீழே உடைந்த சிப்பித் தூள், அதற்குக் கீழே கன்னங்கரேலென்று ஒரு கோடு, மறுபடி வெளிர்மணல். நடுவே ஒரு சோடா மூடியும் விளிம்பு கிழிந்த பாற்பக்கற்றும் செருகிக்கொண்டிருந்தால், எந்த அடுக்கு எந்தச் சீசனில் படிந்தது என்று ஓரளவு கணக்குப் போடலாம். அந்தக் கறுத்த கோடு அழுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வடகிழக்குக் கரை முழுவதும் மணலில் கனமான கனிமங்கள் கலந்திருக்கின்றன. கறுப்பு நிறமான இல்மனைட் அவற்றுள் முதன்மையானது. சாதாரண வெளிர்மணலில் பெரும்பகுதியாகவுள்ள குவார்ட்ஸ் நீரைவிட ஏறக்குறைய 2.65 மடங்கு அடர்த்தி கொண்டது, இல்மனைட்டோ 4.7 மடங்கு. அலை திரும்பும்போது இலேசான மணிகள் அதனோடு போய்விடுகின்றன. கனத்தவை நகர மறுத்து அங்கேயே தங்கிக் கோடாகின்றன. இதே வேலை இங்கிருந்து வடக்கே புல்மோட்டையில் பெரிய அளவில் நடந்ததால்தான் அங்கே கனிம மணல் அகழ்ந்து எடுக்கும் தொழில் உண்டானது. எங்கள் குடாவில் கிடைப்பது ஒரு கைப்பிடி. காலால் கீறினால் அழிந்துபோகும் அளவு. வாடை எவ்வளவு பலமாக அடித்தது என்பதற்கு மட்டும் அது போதிய சான்று.

ஒருமுறை நான் இப்படிக் குந்தியிருந்தபோது, பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் எதைத் தொலைத்துவிட்டேன் என்று விசாரித்தார். ஒன்றையும் தொலைக்கவில்லை, கரை எவ்வளவு அரித்திருக்கிறது என்றுதான் பார்க்கிறேன் ஐயா என்றேன். "அது எடுக்கும், குடுக்கும் தம்பி. இப்ப கொண்டு போற மண்ணைச் சித்திரைக்குள்ள கொண்டுவந்து போட்டிடும். போடாட்டித்தான் நாங்கள் யோசிக்க வேணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி வலைக்குத் திரும்பினார். அவர் சொன்னதில் கடைசி வாக்கியம்தான் முக்கியமானது. எடுப்பதும் கொடுப்பதும் சரியாகப் போய்க்கொண்டிருக்கும் வரை கரையைப் பற்றி எவரும் கவலைப்படவேண்டியதில்லை. ஆற்று மணலை அள்ளுவதாலோ கண்ட இடத்தில் கல்லணை போடுவதாலோ அந்தக் கொடுக்கல்வாங்கல் குழம்பும்போதுதான் அரிப்பு நிரந்தரமாகிறது. கடலோரத்தில் எதைக் கட்டுவதானாலும் வெயில் காலத்தில் அளந்து பார்த்துத் திட்டம் வரைபவர்கள், மார்கழியில் ஒருமுறை வந்து அதே இடத்தில் நின்று பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

மேட்டுப் பக்கத்தில் மணலைப் பிடித்துவைத்திருப்பவை இரண்டு செடிகள். ஒன்று அடம்பன் கொடி. திரண்டால் மிடுக்கு என்று நம்மவர் எதற்கெடுத்தாலும் அதை மேடைக்கு இழுப்பார்கள். கரையில் அது எவருடைய உபதேசத்துக்கும் காத்திராமல், கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஊதா நிறப் பூவோடு தன் பாட்டில் படர்ந்திருக்கிறது. மற்றது இராவணன் மீசை. சுவாமி மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு இருக்கும் ஊரில் அவனுடைய மீசையும் முளைப்பதில் வியப்பில்லை. முள் முனை கொண்ட இலைகளையுடைய அந்தப் புல்லின் உருண்டையான விதைக் கொத்துகள் காய்ந்ததும் ஒடிந்து, காற்றுக்கு உருண்டு ஓடும். ஈரமணல் கிடைக்கும் இடத்தில் தட்டுப்பட்டு நின்று முளைக்கும். மழை விட்டு மணல் மேற்பரப்பு உலர்ந்த ஒரு பிற்பகலில் வாடை பலமாக வீசினால், அந்த உருண்டைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வீதியைக் கடந்து மைதானம்வரைக்கும் ஓடுவதையும், தெருநாய் ஒன்று அவற்றைத் துரத்திப் பிடித்து மூக்கில் குத்துவாங்கிக்கொள்வதையும் காணலாம்.

படகுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இக்காலத்தில் அவை பெரும்பாலும் சும்மாவே இருக்கின்றன. கரைவலைக்கு இது காலமன்று; அலை உடையும் கரையில் வலையை வளைக்க முடியாது. கோடையில் நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் வந்து இம்மாவட்டக் கரைகளில் வாடி என்னும் தற்காலிகக் குடிசை அடித்துத் தங்கும் மீனவர்கள் வாடை தொடங்குமுன் ஊர் திரும்பிவிடுவதால் வாடிகள் வெறிச்சோடிக் கிடக்கும். உள்ளூர்ப் படகுகள் தறப்பாளால் மூடப்பட்டு மேட்டில் கிடக்க, காற்றுத் தணியும் நாட்களில் மட்டும் சிலர் இறங்குவார்கள். கொட்டியாரக் குடாவுக்குள் தொழில் செய்பவர்களுக்கு இதைவிடக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம். மீன் விலை ஏறும். கருவாட்டுக்கு மதிப்பு வரும். கடலில் குளிக்க நினைப்பவருக்கு ஒன்று சொல்லவேண்டும்: இம்மாதங்களில் டச்சுக் குடாவில் கணுக்காலுக்கு மேல் நனையவேண்டாம். நீருக்கடியிலுள்ள மணற்திட்டுகளின் இடைவெளியால் திரும்பி ஓடும் நீரோட்டம், நீந்தத் தெரிந்தவரையும் வெளியே இழுத்துவிடும்.

நடந்துகொண்டே இடப்பக்கம் பார்த்தால் சுவாமி மலையின் அடியில் அலை மோதி எழும் நுரை தெரியும். 1622 இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். 1624 இல் அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். எஞ்சியவற்றில் ஒரு பங்கு மலையடியில் கடலுக்குள் கிடக்கிறது. 1956 இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் அங்கே சுழியோடியபோது அந்தக் கட்டடச் சிதைவுகளைக் கண்டார்கள். கோடையில், தெளிந்த நீரில், சுழியோடிகள் இன்றும் அங்கே இறங்குகிறார்கள். வாடையில் கடல் சேற்று நிறமாகக் கலங்கிவிடும். எவருக்கும் எதுவும் தெரியாது. தூண்களும் படிக்கற்களும் அலைக்கடியில் தம் பாட்டில் கிடக்கும்.

இந்தக் கரையின் ஆளில்லாத மாதங்களுக்குள் இரண்டு நாட்கள் வருகின்றன. 2004 டிசெம்பர் 26, முழுநிலாப் போயா தினமும் ஞாயிற்றுக்கிழமையுமான ஒரு காலை, ஆழிப்பேரலை வந்தது. இந்தக் கரையோரத்தில் ஒவ்வொரு குடும்பமும் அந்தக் காலையில் யார் எங்கே நின்றார்கள் என்பதை இன்றும் சொல்லும். 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அருகே கூடியிருந்த மாணவர்களில் ஐந்து தமிழ் இளைஞர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த பாதுகாப்புத் தரப்பினர் பதின்மூன்று பேரும் போதிய சான்றில்லை என்று 2019 இல் விடுவிக்கப்பட்டார்கள். சீசனுக்கு வருபவர்கள் இந்த இரண்டு நாட்களிலும் இங்கே இருப்பதில்லை. ஊரவர்கள் இருக்கிறோம், பூவும் விளக்குமாக வருபவர்களைக் கண்டால் நடையை நிறுத்தி ஒதுங்கி நிற்கிறோம். அமைதியான நடை என்று எழுதும்போது இவற்றை விட்டுவிட்டால் இந்தக் கரையைப் பற்றி எழுதியதாகாது.

மாலை நடை வேறுவிதமானது. கரை கிழக்கு நோக்கியிருப்பதால் பிற்பகல் நாலரை மணிக்கே ஊரின் நிழல் மணலில் விழுந்துவிடும். சூரியன் எங்கோ பின்னால், உட்துறைமுகப் பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கும். மழையில்லாத மாலைகளில் அலுவலகம் விட்டவர்களும் ரியூசன் முடிந்த பிள்ளைகளும் வருவார்கள். தள்ளுவண்டிகள் சீசனில் நிற்பதில் பாதிகூட நிற்கா. நிற்பவற்றில் கச்சான், அதாவது நிலக்கடலை, வறுக்கும் வண்டிக்குத்தான் வியாபாரம். ஈரக்காற்றில் சுடுமணலில் வறுபடும் கச்சானின் வாசனை ஐம்பது அடிக்கு முன்பே ஆளைப் பிடித்துவிடும். ஒரு சுருள் கச்சானும் இஞ்சி போட்ட பிளேன்ரீயும் இந்த நடைக்குப் போதுமான துணை. வானில் வலசை வந்த கடற்காக்கைகளும் ஆலாக்களும் காற்றுக்கு எதிராகச் சிறகை விரித்து, முன்னேறவும் முடியாமல் பின்வாங்கவும் மனமில்லாமல் ஒரே இடத்தில் நிற்கும். அவையும் சீசன் முடிந்தபின் வரும் வெளிநாட்டார்தான். அவற்றுக்கு அறை வாடகை தேவையில்லை.

சில மாலைகளில் நான் கரையோடு நிறுத்திவிடாமல் ஊரைக் குறுக்காகக் கடந்து உட்துறைமுக வீதிக்குப் போவதுண்டு. திருமலை நகரம் இரண்டு கடல்களுக்கு நடுவே ஒடுங்கிய நிலத்தில் அமைந்திருக்கிறது. டச்சுக் குடாவில் அலையின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திப் பேசிக்கொண்டிருந்தவர், கொஞ்ச நேரம் நடந்து அந்தப் பக்கம் போனால், தண்ணீர் சுவரில் தட்டும் ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்காது. அதே நாள், அதே வாடை, குன்றுகள் மறைத்துவிடுகின்றன. இந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான் ஐரோப்பியர் இந்த ஊருக்காக மாறிமாறி அடிபட்டார்கள். சோழமண்டலக் கரை முழுவதிலும், வடகிழக்குப் பருவக்காற்று எழுந்தபின் பாய்க்கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கப் பாதுகாப்பான துறை கிடையாது. சென்னைக்கு முன்னால் திறந்த கடலில் நின்ற கப்பல்கள் ஐப்பசிக்குள் ஓடித்தப்பவேண்டியிருந்தது. எக்காலத்திலும் ஒதுங்கக்கூடிய துறை இதுவே. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் இதை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள்; அதே ஆண்டு ஓகஸ்ற் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரென் அவர்களிடமிருந்து பறித்தார்; பின்னர் ஒல்லாந்தரிடம் திரும்பப் போய், 1795 இல் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டைக்குப் பிரெட்ரிக் என்ற இளவரசரின் பெயர் 1803 இல் சூட்டப்பட்டது. இன்று விடுதிக்காரர்கள் கணக்கில் சேர்க்காத இந்த மாதங்களே அன்று இந்த ஊருக்கு விலை வைத்தன.

2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையைக் கடந்தபோதும் இரண்டு பக்கங்களுக்கும் இடையிலான அந்த வேறுபாட்டை ஊர் கண்டது. எனவே இம்மாதங்களில் இங்கே வர நினைப்பவர்கள் முதலில் வானிலை அறிக்கையைப் பார்க்கவேண்டும்; தாழமுக்கம் என்று சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போடவேண்டும். மற்றப்படி குடை வேண்டாம், வாடையில் அது நிமிராது; மழைக்கோட்டு போதும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அறை வாடகையைப் பேசிக் குறைக்கலாம்.

பங்குனியில் காற்று தளர்ந்து, மணல் திரும்பிவந்து, மேற்குக்கரை மீனவர்கள் வாடிகளுக்குக் கிடுகு வேயத் தொடங்கும்போது என் நடை உட்துறைமுகப் பக்கத்து மரநிழலுக்கு மாறிவிடும். சித்திரையில் டச்சுக் குடாவின் மணல் காலை எட்டு மணிக்கே சுடத் தொடங்குகிறது. வீதியோரத்தில் சுற்றுலா வான்களை நிறுத்த இடம் தேடி ஓட்டுநர்கள் கோன் அடிக்கிறார்கள்.